உதறும் வண்டியோடு எண்ணூர் சாலையில் ஒரு நாள்

இரண்டு இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் திருத்தணிப் பக்கத்து அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். புதிதாக வாங்கிய பிக்கப் வண்டி, நிறுத்திவைத்து ஓடவிட்டாலே உதறுகிறது, சர்வீஸ் சென்டரில் கேட்டால் 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள், என்ன செய்வது என்று. பக்கத்தை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். "இது நீங்க எழுதிப் போட்டதா?" என்று கேட்டாள். நான் எழுதவில்லை. ஆனால் வரிக்கு வரி என் கதைதான். அதனால் என் அனுபவத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குப் பெரியபாளையம் பக்கம், ஆரணி ஆற்றங்கரையில் மூன்று ஏக்கர். கத்தரி, வெண்டை, கீரை, கொஞ்சம் மல்லி. திருவொற்றியூர் காலடிப்பேட்டை மார்க்கெட்டிலும் ராயபுரத்தில் நாலைந்து கடைகளிலும் வாடிக்கை உண்டு. வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் இந்தத் தை மாதம் சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்தேன். முன்பணம் போக ஆறு லட்சம் கடன், ஐந்து வருடத் தவணை, மாதம் 13 ஆயிரத்துச் சொச்சம். பவானி அம்மன் கோயிலில் பூசை போட்டு, நாலு எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிவந்த வண்டி. கம்பெனி பெயரும் மாடலும் இங்கே எழுதப்போவதில்லை. சிலிண்டர் எத்தனை என்று சொன்னாலே விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான்குக்குக் குறைவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் தெரியும்.

வந்த மூன்றாம் நாளே கவனித்தேன். ஸ்லோ ரேஸில் நிற்கும்போது ஸ்டீயரிங் பிடித்த உள்ளங்கை மரத்துப்போகிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரிகிறது. ரேஸ் கொடுத்தால் குறைகிறது, சிக்னலில் நின்றால் திரும்பவும் பிடித்துக்கொள்கிறது. விடியற்காலையில் என்னோடு மார்க்கெட்டுக்கு வரும் வீட்டுக்காரம்மா ஒரு மாதத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் பஸ்ஸிலயே வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். முதல் முறை, "புது என்ஜின், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினா செட்டாயிடும்" என்றார்கள். இரண்டாம் முறை கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்து, "ஃபால்ட் ஒண்ணும் காட்டலை" என்றார்கள். மூன்றாம் முறை ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று ஜாப் கார்டிலும் எழுதியிருந்தது 'ஜெனரல் செக்கப்'. உதறல் என்ற வார்த்தையே கிடையாது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டேன். சித்திரை மாதத்தில் வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்து விலை கேட்டேன். வாங்கிய விலையில் ஒன்றேகால் லட்சம் குறைத்துக் கேட்டார்கள்.

அக்கா மகன் கத்திவாக்கத்தில் இருக்கிறான், துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவன். அவன்தான் போனில் சொன்னான். "மாமா, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் இங்க எடுத்துக்கிட்டு வாங்க. இப்ப மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கட்டிப் போட்டிருக்கு. காசிமேட்டுல என்ஜின் மேஸ்திரிங்க எல்லாம் கரையிலதான் இருப்பாங்க. ஒருத்தரைக் காட்டுறேன்." கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் என்ஜினை இறக்குவதும் ஏற்றுவதும் நடக்கும்.

வைகாசியில் ஒரு நாள் அதிகாலை கீரைக்கட்டையும் கத்தரிக்காயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு, பஞ்செட்டி, பொன்னேரி, மீஞ்சூர். டி.பி.பி. ரோடு என்று நம் பக்கத்து டிரைவர்கள் சொல்வது திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலையைத்தான். மீஞ்சூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் வயல் காற்று. கொசஸ்தலை ஆற்றைக் கடந்து மணலி புதுநகர் வந்தால் மூக்குக்கு வேறு ஊர் வந்துவிட்டது தெரியும். மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்தால் தண்ணீர் இந்த ஆற்றில்தான் வந்து எண்ணூர் கழிமுகத்தில் விழுகிறது, வழியில் மணலி புதுநகரை மூழ்கடித்துவிட்டுப் போகிறது. மேல்பக்கத்து விவசாயி மழையைக் கும்பிடும்போது இங்கே கட்டில்மேல் சாமான் ஏற்றுவார்கள்.

மணலியில் இருட்டில் விளக்காக நிற்பது சுத்திகரிப்பு ஆலை. நம் வண்டியில் ஊற்றும் டீசல் வரும் இடங்களில் ஒன்று. அதன் பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், நாம் 'விஜய்' மூட்டை என்று கேட்டு வாங்கும் யூரியா அங்கே தயாராகிறது. முப்பது வருடமாக மூட்டையைப் பிரிக்கிறேன், அது பிறக்கும் இடத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. எண்ணூரில் இன்னொரு உரத் தொழிற்சாலை உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, அதற்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் பெரியகுப்பம் அருகே கசிவு ஏற்பட்டு, மீனவக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. என் வயலில் போடும் உரத்தில் அவர்கள் மூச்சும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று அக்கா மகன் ஒருமுறை சொன்னான். பதில் சொல்லத் தெரியவில்லை.

காலடிப்பேட்டையில் சரக்கை இறக்கிவிட்டு, வெளிச்சம் வந்ததும் வடக்கே கத்திவாக்கம் போனேன். வழியில் அசோக் லேலண்டு. 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்தது. முதலில் இங்கே பூட்டிக் கொடுத்தது ஆஸ்டின் கார்களை. இங்கிலாந்து லேலண்டு கம்பெனி பங்கு சேர்ந்து 1955-ல் பெயர் அசோக் லேலண்டு ஆனது. இந்தப் பட்டையில் இருபது கிலோமீட்டருக்குள் ஒரு வண்டிக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. என்ஜின் இங்கே, டீசல் மணலியில், தகடும் கம்பியும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், டயர் எம்.ஆர்.எஃப். அந்த எம்.ஆர்.எஃப்., 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி என்றால் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள்.

அக்கா மகன் வீட்டு வாசலில் அவனுடைய பழைய புல்லட் நின்றது. இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதைக் காட்டிச் சொன்னான். "மாமா, உதறலைப் பத்திக் கத்துக்கணும்னா இதைவிட வாத்தியார் கிடையாது. இதுவும் திருவொற்றியூர்ல பொறந்ததுதான்."

உண்மைதான். 1955-ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து புல்லட் செய்ய ஆரம்பித்தது திருவொற்றியூரில். அங்கே கம்பெனி மூடிப்போன பிறகும் இங்கே ஓடியது. ஒரே சிலிண்டர், ஒரே பெரிய பிஸ்டன், மேலும் கீழும். ஒரு பக்கம் மட்டும் குடம் கட்டின காவடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினால் எப்படி ஆடும்? அந்த ஆட்டம்தான். போதாததற்குப் பழைய புல்லட்டில் என்ஜினை ஃபிரேமோடு நேராக போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள், நடுவில் ரப்பர் கிடையாது. ஆட்டம் முழுக்கக் கைப்பிடிக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் வந்து சேரும். நம் கிராமங்களில் ஒரு காலத்தில் ஓடிய டீசல் புல்லட்டை ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, வீடு வந்து இறங்கிய பிறகும் கை அரைமணி நேரம் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். 2020-ல் வந்த மீட்டியர் 350-ல் பேலன்சர் தண்டு ஒன்றை உள்ளே வைத்தார்கள். என்ஜின் தண்டுக்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில், எடையோடு சுற்றும். காவடியின் மறுபக்கத்துக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புல்லட்டுக்கும் அந்த வகை என்ஜின் வந்துவிட்டது. இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே கார் என்ஜினுக்குச் செய்து காட்டியதுதான்.

சிலிண்டர் கணக்கை அக்கா மகன் எளிதாகச் சொன்னான். ஸ்லோ ரேஸில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. ஒரே சிலிண்டர் வண்டியில் நிமிடத்துக்கு 400 அடி, இரண்டில் 800, மூன்றில் 1,200, நான்கில் 1,600. அடி நெருக்கமாக விழுந்தால் உடம்புக்கு ஓட்டமாகத் தெரியும், தள்ளித் தள்ளி விழுந்தால் குத்தாகத் தெரியும். சிலிண்டர் குறைந்த வண்டி ஸ்லோ ரேஸில் கொஞ்சம் உதறத்தான் செய்யும். "அப்ப சர்வீஸ்காரங்க சொன்னது சரிதானா?" என்றேன். "அப்படித்தான் இருக்கும்ங்கிறது சரி. ஆனா இவ்வளவு இருக்கணுமாங்கிறதுதான் கேள்வி" என்றான்.

அவனையும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் தெற்கே வந்தேன். இடதுபக்கம் பாறாங்கல் கொட்டிய தடுப்புச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கடல். வலதுபக்கம் வீடுகள். நடுவில் டிரெய்லர்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி வரிசையில். பத்து அடி நகர்வது, நிற்பது. உதறும் வண்டிக்கு இதைவிடச் சோதனை கிடையாது. டிரெய்லர் டிரைவர்கள் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறுகிறார்கள், வரிசை அங்கேயேதான் இருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. மரவேலைச் சத்தம், வெல்டிங் பொறி, பெயின்ட் வாசனை. கடலுக்குப் போகாத நாளில்தான் காசிமேட்டுக்கு அதிக வேலை போலிருக்கிறது. இங்கே ஓடும் என்ஜின்களில் பல, நான் காலையில் தாண்டிவந்த லேலண்டு வகைதான், லாரி என்ஜினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அக்கா மகன் சொன்ன மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஒரு படகின் என்ஜினையும் இறக்கை தண்டையும் சேர்க்கும் இடத்தில், இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே மெல்லிய தகட்டை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டுமாம், மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் படகு முழுக்க அதிரும். கரையில் சரிபார்த்தது போதாது, தண்ணீரில் இறக்கிய பிறகு திரும்பவும் பார்க்க வேண்டும், தண்ணீரில் மிதக்கும்போது படகின் உடம்பு கொஞ்சம் வளையும் என்றார்.

என் கதையைச் சொன்னேன். நடுவில் என் புத்திசாலித்தனத்தையும் சேர்த்துக்கொண்டேன். டிராக்டரில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் பைப்பு நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்போமே, அதை இதிலும் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். மேஸ்திரி தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"நைனா, அந்த வேலையை மட்டும் செஞ்சுடாத. இது காமன் ரெயில். அந்தப் பைப்புல ஆயிரம் பாருக்கு மேல பிரஷர் இருக்கும். உன் டயர்ல எவ்ளோ இருக்கும், நாலு பாரு? ஓடுற வண்டியில நட்டைத் தளர்த்தினா டீசல் ஊசி மாதிரி தோல்ல ஏறிடும். வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும், உள்ள விரலே போயிடும்."

பழைய டிராக்டரில் பழகிய நம் எல்லோருக்கும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது வரும் டீசல் பிக்கப்புகளில் இந்தக் கை வைத்தியம் கூடவே கூடாது.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். வண்டியைத் தொடவே இல்லை. நிக்கும்போது உதறுதா, ஓடும்போதா? நிக்கும்போது. கிளட்ச்சை மிதிச்சா மாறுதா? இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே அதிகமா, சூடான பிறகா? சூடான பிறகு அதிகம். இதை அவர் கேட்கும்வரை நான் யோசித்ததே இல்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் உதறினால் அது என்ஜின் இல்லை, வீல் பேலன்ஸோ டயரோ ஜாயின்ட் ஷாஃப்டோ. காலி வண்டியில் பின்பக்கம் குதித்தால் அதுவும் என்ஜின் இல்லை, பாரத்துக்கு ஏற்றி வைத்த டயர் காற்றும் பட்டைக் கம்பியும் செய்கிற வேலை. கிளட்ச்சை விட்டு முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் நடுங்கினால் கிளட்ச்சையும் ஷாஃப்டையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் உதறி, ரேஸ் கொடுத்தால் குறைந்தால் என்ஜினையும் அதைத் தாங்குவதையும் தொடுவதையும் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகை வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும், அந்த நேரம் ஸ்லோ ரேஸ் கொஞ்சம் ஏறும், சத்தம் மாறும். அதைப் பார்த்துப் பயந்து ஓடிவருகிறவர்கள் நிறையப் பேராம்.

என்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தார். ஒரு கையை என்ஜின் மேல், இன்னொரு கையைச் சேசிஸ் மேல் வைத்தார். என் கையையும் பிடித்து அதேபோல் வைத்தார்.

"என்ஜின் ஆடும் நைனா. ஆடாத என்ஜின் கெடையாது. நடுவுல ரப்பர் வெச்சிருக்கான் பாரு, அது இந்த ஆட்டத்தை முழுங்கணும். என்ஜின் ஆடி சேசிஸ் சும்மா இருந்தா வண்டி நல்ல வண்டி. ரெண்டும் ஒரே மாதிரி ஆடுதுன்னா எங்கியோ இரும்பும் இரும்பும் தொட்டுக்கினு இருக்குது."

என் இரண்டு கையிலும் ஒரே ஆட்டம்.

டார்ச்சோடு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இது இன்னா பொட்டி?" என்றார்.

இங்கேதான் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி வந்த இரண்டாம் நாள் ஒரு வெல்டிங் பட்டறையில் பின்பக்கம் கிராதியை உயர்த்திக் கட்டினேன், தார்ப்பாயும் கயிறும் வைக்க அடியில் ஒரு பெட்டியும் போட்டேன். இதைச் சர்வீஸ் சென்டரில் மூன்று முறையும் சொல்லவில்லை. சொன்னால் வாரண்டி போய்விடும் என்ற பயம். வண்டி அழுக்காக இருந்தால் பெட்டி தெரியாது என்று கழுவாமல்கூடக் கொண்டுபோனேன். பெட்டியைத் தாங்கும் ஆங்கிள் சைலன்சர் பைப்பு வளைவில் உரசியபடி இருந்தது. பைப்பு என்ஜினோடு பிடித்திருப்பது, ரப்பரில் தொங்கி ஆட வேண்டியது. அது ஆங்கிளில் முட்டி, ஆட்டத்தை முழுவதும் சேசிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சூடானால் பைப்பு நீளும், இன்னும் அழுந்தும். சூடான பிறகு உதறல் ஏறியது அதனால்தான்.

ஒரு தடிமனான மரக்கட்டையை அக்கா மகனிடம் கொடுத்து, சுடும் பைப்பைத் தொடாமல் நெம்பி ஆங்கிளைவிட்டு விலக்கிப் பிடிக்கச் சொன்னார். என்னை ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்னார். டேஷ்போர்டில் பாதித் தண்ணீர் இருந்த பாட்டிலில் அலை பாதியாக அடங்கியது. அவன் கட்டையை எடுத்தான், திரும்ப உதறியது. நாலு முறை செய்து பார்த்தோம். நாலு மாதம் நான் தூங்காததற்குக் காரணம் ஒரு கால் அங்குல இரும்பு.

"அறுத்து விட்ருங்க மேஸ்திரி" என்றேன்.

"மாட்டேன். வாரண்டி வண்டியில நான் ஸ்பேனர் போட மாட்டேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது, அது உன் பொட்டியால வந்தது இல்ல. மவுண்டிங் ரப்பர் ஒண்ணு முறுக்கிக்கினு உக்காந்திருக்குற மாதிரி தெரியுது. நான் கை வெச்சா ரெண்டையும் உன் தலையில கட்டிடுவான். போய் உண்மையைச் சொல்லு. எழுதி வாங்கு."

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன்: நின்ற நிலையில், ஸ்லோ ரேஸில், சூடான பிறகு அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைகிறது, பெட்டி நான் வெளியில் போட்டது. இந்த வார்த்தைகளை ஜாப் கார்டில் ஏற்றினால்தான் வண்டியை விடுவேன் என்று பொறுமையாகச் சொன்னேன். ஏற்றினார்கள். அதன்பிறகு, டெலிவரிக்கு நின்ற இதே மாடல் வண்டி ஒன்றை ஓடவிடச் சொல்லி, அதே தண்ணீர் பாட்டிலை அதில் வைத்தேன். என் வண்டியிலும் வைத்தேன். அட்வைசர் தம்பி இரண்டு பாட்டிலையும் பார்த்தார், எழுந்து போய் மூத்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். 'அப்படித்தான் இருக்கும்' என்ற பேச்சு அதோடு நின்றது.

ஆங்கிளை அறுத்து இரண்டு அங்குலம் தள்ளி வைக்க என்னிடம் 600 ரூபாய் வாங்கினார்கள். நியாயம்தான். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது மேஸ்திரி சொன்னதுபோலவே இடதுபக்க மவுண்டிங் முறுக்கலாக இறுகியிருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, என்ஜின் தானாக உட்கார விட்டு, உரிய அளவுக்கு இறுக்கினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. பெட்டி போட்டதால் வாரண்டி போய்விட்டதா என்று தயங்கிக் கேட்டேன். அந்தப் பெட்டியால் வந்த கோளாறுக்குத்தான் இல்லை, மற்றதுக்கு இருக்கிறது என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தைத் தை மாதமே கேட்டிருந்தால் வீட்டுக்காரம்மா இடுப்பு தப்பியிருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் விதி மாறும், வாரண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். மூத்த மெக்கானிக் இன்னொன்றும் கேட்டார்: "வெல்டிங் வெக்கும்போது பேட்டரி ஒயரைக் கழட்டினீங்களா?" கழற்றவில்லை. அப்படியே வெல்டிங் வைத்தால் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி கருகிப்போக வாய்ப்புண்டாம். என் அதிர்ஷ்டம், தப்பியது. கிராதி கட்டுகிறவர்கள் பட்டறையில் நின்று இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தணி அன்பருக்கு: உங்கள் வண்டியில் பெட்டி இல்லாமல் இருக்கலாம், காரணம் வேறாக இருக்கலாம். ஒரு சிலிண்டர் சரியாக அடிக்காமலோ, மவுண்டிங் ரப்பர் பழுதாகவோகூட இருக்கும். எப்போது உதறுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். அதே மாடல் வண்டியோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் இருக்கிறதா என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் சரிசெய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சரக்கு வண்டி என்பதால் நாம் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய வண்டி என்றால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். என்னைப்போல 'ஜெனரல் செக்கப்' என்று மூன்று கார்டு வைத்திருந்தால் அங்கே போய் ஒன்றும் பேச முடியாது.

என் வண்டி இப்போதும் ஸ்லோ ரேஸில் கொஞ்சம் நடுங்குகிறது. அது அந்த என்ஜினின் குணம், பழகிவிட்டது. கண்ணாடியில் ஒரு லாரி ஒரு லாரியாகத்தான் தெரிகிறது. வீட்டுக்காரம்மா திரும்பவும் வண்டியில் வருகிறாள், ஆனால் கீழே ஒரு தலையணை போட்டுக்கொண்டுதான்.

அடுத்த வாரம் சரக்கு இறக்கிவிட்டுக் காசிமேடு போனேன். மேஸ்திரி காசு வாங்க மறுத்தார். மூன்று கிலோ கத்தரிக்காய் பையை வற்புறுத்திக் கொடுத்தேன். "ஜூன் 15-க்கு மேல வந்தா நான் கிடைக்க மாட்டேன் நைனா, போட்டெல்லாம் கடலுக்குப் போயிடும்" என்றபடியே பையில் கைவிட்டு ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்புக்குக் கீழே சின்னத் துளை. "இன்னா நைனா, உன் காய்ல புழு கீது" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரி வயலுக்குத்தான் போனேன்.